பணியிட ஆடை விதியும் இளம்பிள்ளைகளின் தனித்தன்மையும்

 

 

பதினேழு, பதினெட்டு வயதை எட்டிய நம் பிள்ளைகள் பலர், படிப்பின் இடையிலோ படிப்பை முடித்த கையோடோ முதல் வேலைக்குச் செல்கின்றனர். அந்த முதல் நாளில் சம்பளத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பாகவே அவர்களை எதிர்கொள்வது நிறுவனத்தின் ஆடை விதிதான். இன்ன நிறச் சட்டை, இன்ன வகைக் காலணி, தலைமுடி இவ்வளவு, தாடி கூடாது, தலையில் எதுவும் அணியக் கூடாது என நீண்ட பட்டியல் ஒன்று அவர்கள் கையில் தரப்படுகிறது. தான் யார் என்பதைத் தோற்றத்தினால் உலகுக்குச் சொல்ல விரும்பும் வயது அது. அந்த வயதில், எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கும் விதிக்குள் நுழையும் பிள்ளை, எதை விட்டுக் கொடுப்பது, எதில் உறுதியாய் நிற்பது என்றறியாமல் தடுமாறுகிறது. சில பிள்ளைகள் கடை வாசலில் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் மீண்டும் அணிந்து கொள்கின்றனர். வேறு சிலர் பெற்றோரிடமும் சொல்லாமல், முதலாளியிடமும் கேட்காமல் வேலையையே விட்டுவிடுகின்றனர். இரண்டுமே வருந்தத்தக்கவை. எனவே இது குறித்து மார்க்கம் சொல்வதையும், சட்டம் சொல்வதையும், நம் காலத்தில் ஓர் இளம்பெண் நின்று காட்டிய முறையையும் இன்று நாம் சிந்திப்போம்.

அழகை மார்க்கம் தடுக்கவில்லை

மொழிகளும் நிறங்களும் மாறுபட்டிருப்பதைத் தன் சான்றுகளுள் ஒன்றாக இறைவன் எடுத்துரைக்கின்றான் (அல்குர்ஆன் 30:22). மனிதர்களை ஒருவர் போல் ஒருவர் இல்லாதவாறு படைத்தவன் அவனே. ஆகவே ஒரு பிள்ளை தனக்கென ஒரு நிறத்தையும், தனக்கென ஓர் உடுத்தும் முறையையும் விரும்புவதைப் பார்த்தவுடன் அதைப் பெருமையென்றும் வழிகேடென்றும் பெற்றோர் முடிவு கட்டிவிடலாகாது.

அணுவளவு பெருமை உள்ளத்தில் உள்ளவர் சுவனம் புகமாட்டார் என்று நபியவர்கள் எச்சரித்தபோது, நல்ல ஆடையும் நல்ல காலணியும் அணிய ஒருவர் விரும்புவதும் பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் வினவினார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என்றும் நபியவர்கள் விளக்கினார்கள் (அறிவிப்பாளர்: இப்னு மஸ்ஊத் (ரலி), நூல்: முஸ்லிம்). அந்தத் தோழரின் ஐயம் இன்றைய பிள்ளைகளின் ஐயமுந்தான்.

தபூக் பயணத்தின்போது நபியவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். அதன் கைகள் மிகவும் குறுகலாக இருந்தமையால், உளூச் செய்யும்போது கைகளை மேலே சுருட்ட இயலாமல் அங்கியின் கீழ்ப்புறமாக வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முகீரா பின் ஷுஅபா (ரலி) அறிவிக்கின்றார்கள் (நூல்: புகாரி). வேற்று நாட்டில் தைக்கப்பட்ட, வேற்று வடிவம் கொண்ட ஆடையை அணிவதை நபியவர்கள் தவறாகக் கருதவில்லை. மறைக்க வேண்டியதை மறைப்பதும், ஆடம்பரத்தைத் தவிர்ப்பதும்தான் மார்க்கம் இடும் வரையறை. தையலையும் வெட்டையும் நிறத்தையும் பெரும்பாலும் அது நம் விருப்பத்திற்கே விட்டுவைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அறிந்த பிள்ளைக்கு, பணியிடத்தில் விட்டுக் கொடுக்கத் தக்கவை எத்தனை இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

மறுபுறம், ஊரார் கண்கள் தன் மீதே மொய்க்க வேண்டும் என்பதற்காகவே உடுத்தும் ஆடையைக் குறித்து நபியவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். இவ்வுலகில் புகழுக்காக ஆடை உடுத்தியவருக்கு மறுமையில் இழிவின் ஆடை உடுத்தப்படும் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. ஆடையை வெட்கத்தை மறைப்பதாகவும் அலங்காரமாகவும் அருளியதைக் கூறிய இறைவன், இறையச்சம் எனும் ஆடையே அனைத்திலும் மேலானது என்று முடிக்கின்றான் (அல்குர்ஆன் 7:26). மறைத்தல், அலங்காரம், இறையச்சம் என்ற இம்மூன்றையும் மனத்தில் இருத்திக் கொண்டு, அண்மைக் கால நிகழ்வொன்றைக் காண்போம்.

துல்சா நகரில் ஒரு நேர்காணல்

2008-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள துல்சா நகரில் சமந்தா எலாஃப் என்ற 17 வயதுப் பெண், ஒரு வணிக வளாகத்தில் இருந்த ஆபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனத்தின் சிறுவர் ஆடைக் கடையில் வேலைக்கு விண்ணப்பித்தார். அந்நிறுவனம் தன் ஊழியர்களின் தோற்றம் குறித்து மிகக் கண்டிப்பான விதியொன்றை வைத்திருந்தது. கடையில் விற்பனை செய்பவர்களை அது 'மாடல்கள்' என்றே அழைத்தது. அவர்கள் கறுப்பு ஆடை அணியலாகாது. தலையில் தொப்பி அணியலாகாது. தொப்பி என்றால் எவையெவை என்ற விளக்கமோ அவ்விதியில் இல்லை.

சமந்தா முக்காடு அணிபவர். நவநாகரிக ஆடைகளில் ஆர்வமும் கொண்டவர். முக்காட்டுடன் அங்கே வேலை கிடைக்குமா என்ற ஐயம் எழவே, அக்கடையில் பணிபுரிந்த தோழியிடம் முன்னதாகவே விசாரித்தார். தோழி அங்கிருந்த துணை மேலாளர் ஒருவரிடம் கேட்டார். யூதர்கள் அணியும் சிறு குல்லாவை வெள்ளை நிறத்தில் அணிந்த ஒருவருடன் முன்பு பணியாற்றியிருந்த அவர், முக்காட்டில் தடை இருக்காது என்றும், கடையில் கறுப்பு ஆடை விற்பதில்லையாதலால் வேறு நிறமாக இருப்பது நல்லது என்றும் கூறினார். நிறத்தை மாற்றிக் கொள்வதில் சமந்தாவுக்கு எவ்வித மறுப்பும் இருக்கவில்லை.

நேர்காணலுக்கு அவர் கறுப்பு முக்காட்டுடன் சென்றார். நேர்காணல் செய்த பெண் துணை மேலாளர், தோற்றம் உள்ளிட்ட மூன்று தலைப்புகளில் தலா 2 மதிப்பெண்கள் வழங்கினார். மொத்தம் 6. வேலை கிடைக்க அது போதுமானது. ஆயினும் முக்காடு விதிக்கு முரணாகுமோ என்று ஐயுற்ற அவர், மாவட்ட மேலாளரிடம் வினவினார். மதக் காரணத்தினால் அப்பெண் முக்காடு அணிவதாகத் தாம் கருதுவதையும் எடுத்துச் சொன்னார். மதக் காரணமோ வேறு காரணமோ, தலையில் அணியும் எதுவும் விதிக்கு மாறானதே என்று கூறிய மாவட்ட மேலாளர், அவரைச் சேர்க்க வேண்டாமெனப் பணித்தார். அதன்பின் தோற்றத்துக்கான மதிப்பெண் 2-லிருந்து 1 ஆகக் குறைக்கப்பட்டது. 6 என்பது 5 ஆயிற்று. வேலை கை நழுவிற்று. உண்மைக் காரணத்தைத் தோழியின் வாயிலாகவே சமந்தா அறிந்தார்.

பதினேழு வயதுப் பெண் என்ன செய்திருக்க முடியும்? வேறு கடையைத் தேடிப் போய்விட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ வேலைவாய்ப்பில் சமவாய்ப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசின் ஆணையத்திடம் முறையிட்டார். 2009-இல் ஆணையமே அவருக்காக வழக்குத் தொடுத்தது. 2011-இல் கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் செயல் தவறெனத் தீர்ப்பளித்தது. 20,000 டாலர் இழப்பீடும் வழங்கப்பட்டது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. தனக்கு மதச் சலுகை தேவை என்று விண்ணப்பதாரர் தம் வாயால் சொல்லவில்லையே என்பதே அது கூறிய காரணம்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2015 பிப்ரவரியில் நடந்த வாதத்தின்போது நீதிபதி அலிட்டோ ஒரு கற்பனைக் காட்சியை முன்வைத்தார். தலைப்பாகை அணிந்த சீக்கியர், தொப்பி அணிந்த யூதர், முக்காடு அணிந்த முஸ்லிம் பெண், துறவாடை அணிந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஆகிய நால்வர் நேர்காணலுக்கு வருகின்றனர். இது நாகரிகத்துக்காக அணிந்ததன்று என்று அவர்கள் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் முதலாளிக்கு விளங்குமா என்பதே அவர் கேள்வியின் சாரம்.

அதே ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. 9 நீதிபதிகளில் 8 பேர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு நில்லாதென்று முடிவு செய்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. விண்ணப்பதாரருக்கு மதச் சலுகை தேவைப்படும் என்பதை முதலாளி உறுதியாக அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அச்சலுகையைத் தவிர்க்க வேண்டுமென்ற நோக்கமே வேலையை மறுக்கக் காரணமாயிருந்தால் அது சட்ட மீறலாகும் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. எல்லோருக்கும் ஒரே விதிதானே வைத்தோம் என்று நிறுவனம் தப்பித்துக் கொள்ள முடியாது. பொதுவான விதியும் மதக் கடமைக்கு வழிவிட்டாக வேண்டும் என்றும் அது தெளிவுபடுத்தியது. அடுத்த மாதமே நிறுவனம் வழக்கை முடித்துக் கொண்டு, இழப்பீடாக 25,670 டாலரும் வழக்குச் செலவாக 18,983 டாலரும் செலுத்தியது.

தீர்ப்பு வெளியாவதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், அந்நிறுவனம் 'மாடல்கள்' என்ற பெயரைக் கைவிட்டது. உடலமைப்பையும் அழகையும் பார்த்து ஆளெடுக்கும் முறையை நிறுத்துவதாகவும், ஊழியர்கள் தத்தமக்கு உரிய முறையில் உடுத்த இடமளிப்பதாகவும் அறிவித்தது. எல்லோரையும் ஒரே தோற்றத்தில் நிறுத்துவதையே தன் அடையாளமாகக் கொண்டிருந்த நிறுவனம் தனித்தன்மைக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

சட்டம் எதைக் காக்கிறது?

அன்பர்களே! இத்தீர்ப்பைக் கேட்டவுடன், எதை வேண்டுமானாலும் அணிந்து கொண்டு வேலைக்குச் செல்லலாம் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் மதத்தின் பெயரால் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. 1972-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மதம் என்பது நம்பிக்கையை மட்டுமின்றி வழிபாட்டையும் நடைமுறையையும் உள்ளடக்கும். நிறுவனத்துக்கு மிகையான சிரமம் நேராத வரையில் அந்நடைமுறைக்கு அது இடமளிக்க வேண்டும். வெறும் விருப்பத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. முடிக்குச் சாயம் பூசுவதையும், காது மூக்கில் பல துளைகள் இட்டு அணிவதையும், விரும்பிய வாசகம் பொறித்த சட்டையையும் முதலாளி தடுத்தால் பெரும்பாலும் சட்டம் குறுக்கிடாது.

இதற்கும் ஒரு வழக்கு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காஸ்ட்கோ நிறுவனத்தில் காசாளராகப் பணியாற்றிய பெண்ணொருவர், புருவத்தில் வளையம் அணிவது தம் மதக் கொள்கையென வாதிட்டார். பணி நேரத்தில் அதன் மீது சிறு ஒட்டுத்துணி போட்டுக் கொள்ளலாம், அல்லது நிறமற்ற பிளாஸ்டிக் துண்டைப் பொருத்திக் கொள்ளலாம் என்று நிறுவனம் முன்வந்தது. முழு விலக்குத்தான் வேண்டுமென அவர் நின்றார். 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. துல்சாவின் பெண் நிறத்தை மாற்றிக் கொள்ள ஆயத்தமாய் இருந்தார். இவரோ தம்முன் வைக்கப்பட்ட நடுவழிகள் எவற்றையும் ஏற்கவில்லை. இரு வழக்குகளிலும் சட்டக் கேள்விகள் வேறுவேறு. ஆயினும் இணங்கக் கூடியவற்றில் இணங்கிப் போகிறவரின் சொல்லுக்கு உள்ள எடையை இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது உணரலாம்.

விலக்கே தர முடியாது என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, வேறு யாருக்கேனும் அது விலக்குத் தந்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நியூஜெர்சி மாநிலத்தின் நியூஆர்க் நகரக் காவல்துறை, தாடி வைக்கலாகாது என்ற விதியிலிருந்து தோல் நோய் உள்ளவர்களுக்கு விலக்கு அளித்திருந்தது. மார்க்கக் கடமையெனக் கருதித் தாடி வைத்த முஸ்லிம் காவலர் இருவருக்கோ அதனை மறுத்தது. உடல்நலத்துக்காக விலக்கு உண்டென்றால் மதத்துக்காக ஏன் இல்லை என்று வினவிய மேல்முறையீட்டு நீதிமன்றம், 1999-இல் காவலர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவரும், அப்போது அந்நீதிமன்றத்தில் இருந்த அதே அலிட்டோதான்.

மிகையான சிரமம் என்பதன் பொருளையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில், ஞாயிறு வேலை தொடர்பான ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில், ஒருமனதாக விளக்கியது. சிறு செலவும் சிறு தொல்லையும் போதா. தொழிலின் மொத்த நிலையில் கணிசமான சுமையாக அது இருந்தாக வேண்டும் என்றது. ஒரு மதத்தின் மீது பிறர் கொண்டிருக்கும் வெறுப்பையும் சிரமக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

இச்சட்டம் எல்லா நாடுகளிலும் இவ்வாறே இல்லை. பெல்ஜியத்தில் வரவேற்பாளராக இருந்த முஸ்லிம் பெண்ணின் வழக்கில், அரசியல், தத்துவ, மதச் சின்னங்கள் எவற்றையும் வெளித்தெரிய அணியலாகாது என்ற நிறுவன விதி நேரடியான பாகுபாடாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 மார்ச்சில் கூறியது. நம் இந்திய நாட்டில், தாடி வைத்தமைக்காகப் பணியிலிருந்து நீக்கப்பட்ட விமானப்படை வீரரின் மேல்முறையீட்டை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படைகளின் ஒழுங்கும் ஒருமைத் தோற்றமும் அங்கே முதன்மை பெற்றன. எனவே ஒரு நாட்டின் தீர்ப்பை மறு நாட்டில் நீட்டிக் காட்ட இயலாது. தாம் வாழும் நாட்டின் சட்டத்தையும், சேரும் துறையின் விதியையும் அறிந்து கொள்வது வேலை தேடும் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.

பேசித் தீர்த்த இடங்களும் உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில், நோய்த்தொற்றைத் தடுப்பதற்காக முழங்கைக்குக் கீழே ஆடையோ அணிகலனோ இருக்கலாகாது என்ற விதி வந்தது. முன்கையை வெளிக்காட்ட விரும்பாத முஸ்லிம் பெண்களுக்கு அது பெரும் இக்கட்டாயிற்று. ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் கையுறை போன்ற மேற்கை உறைகளை அணியலாம் என்று 2010-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை வழிகாட்டியது. நோயாளியின் பாதுகாப்பும் காக்கப்பட்டது. பெண்களின் நாணமும் காக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், பொது மருத்துவத் துறையின் செவிலியர்கள் சீருடையுடன் முக்காடு அணிய 2021 நவம்பர் முதல் அனுமதிக்கப்பட்டுள்ளனர். நீண்ட காலம் பொறுமையுடன் எடுத்துரைக்கப்பட்ட கோரிக்கை அது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. எந்த விதியையும் பகையென்று முதலிலேயே கருதாமல், அது எதற்காக வந்தது என்று கேட்க வேண்டும். இயந்திரத்தருகே தொங்கும் துணியும், சமையற்கூடத்தில் மூடப்படாத தாடியும், அறுவை அரங்கில் நீண்ட கையும் தடுக்கப்படுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. உடலோடு ஒட்டி நிற்கும் முக்காடு, தாடிக்கு வலை உறை என அவற்றுக்கு மாற்று வழிகளும் உண்டு. பிறர் உயிருக்கும் உடல்நலத்துக்கும் தீங்கு நேராமல் காப்பதும் நம் மார்க்கம் இட்ட கட்டளையே என்பதை மறந்துவிடலாகாது.

மூன்றாகப் பிரித்தறிவோம்

அருமைப் பிள்ளைகளே! பணியிட ஆடை விதி உங்கள் முன் வைக்கப்படும்போது, உங்களுடையவை எனக் கருதுபவற்றை மூன்றாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, இறைவனுக்காகச் செய்பவை. இவற்றில் உறுதி வேண்டும். ஆனால் அந்த உறுதி மௌனமாயிருக்கக் கூடாது. சேருவதற்கு முன்பே, மரியாதையான சொற்களில், இது என் மார்க்கக் கடமை, இதற்கு இடமளிக்க இயலுமா என்று கேளுங்கள். இயன்றால் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள். துல்சா வழக்கு ஏழாண்டுகள் நீண்டதற்கு, யார் எதை அறிந்திருந்தார், யார் எதைச் சொன்னார் என்ற சர்ச்சையே பெருங்காரணம்.

இரண்டாவது, உங்கள் விருப்பத்தினால் அமைந்தவை. நிறம், வடிவம், துணியின் வகை, முடியலங்காரம் முதலியன இதில் அடங்கும். இவற்றில் தாராளமாக விட்டுக் கொடுங்கள். கலிபோர்னியாவின் சான் மேட்டியோ நகரில், அதே ஆபர்குரோம்பி குழுமத்தைச் சேர்ந்த ஹாலிஸ்டர் கடையில் 2009-இல் சேர்ந்த 19 வயதுப் பெண்ணிடம், கடையின் நிறங்களுக்கேற்ற முக்காடு அணியுமாறு கூறப்பட்டது. அவர் மகிழ்ச்சியுடன் இணங்கினார். சுமார் நான்கு மாதங்கள் எவ்விதப் புகாருமின்றிப் பணிபுரிந்தபின், பார்வையிட வந்த மேலதிகாரி ஒருவர் மறுப்புத் தெரிவிக்கவே, 2010 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டார். வழக்கு வந்தபோது அந்த நான்கு மாதங்களே அவருக்குச் சாட்சியாயின. முக்காட்டினால் வாடிக்கையாளர் குறை கூறியதாகவோ வணிகம் குறைந்ததாகவோ நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. 2013-இல் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. நிறத்தில் அவர் விட்டுக் கொடுத்திருந்தமையால், கடமையில் அவர் காட்டிய உறுதியைப் பிடிவாதம் என்று எவரும் சொல்ல இயலவில்லை.

ஒரு வேலையை ஏற்றுக் கொண்டபின், அதன் நிபந்தனைகளில் மார்க்கத்துக்கு முரண்படாதவற்றை நிறைவேற்றுவது நம் மீது கடமையாகிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு நம்பிக்கையாளர்களுக்கு இறைவன் கட்டளையிடுகின்றான் (அல்குர்ஆன் 5:1). பிடிக்காத நிறச் சட்டையும் இந்தக் கட்டளையில் அடங்கும்.

மூன்றாவது, எந்தச் சீருடையாலும் மறைக்க முடியாத குணம். ஒரே சட்டையணிந்த பத்துப் பேர் நிற்கும் கடையில் ஒரு பிள்ளையை வாடிக்கையாளர் தேடி வருவது எதனால்? இன்முகத்தால், நாணயத்தால், நேரம் தவறாமையால், மீதிச் சில்லறையை மறவாமல் எண்ணித் தருவதனால். உங்கள் உருவங்களையும் செல்வங்களையும் அல்லாஹ் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து (நூல்: முஸ்லிம்). மக்காவின் இளைஞர்களிலேயே சிறந்த ஆடையும் நறுமணமும் உடையவராக அறியப்பட்ட முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்கள் உஹதுப் போரில் வீரமரணம் எய்தியபோது, அவர்களுக்குக் கஃபனாகக் கிடைத்தது ஒரேயொரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிக் காலின் மீது இத்கிர் புல்லைப் போடுமாறு நபியவர்கள் பணித்தார்கள் (நூல்: புகாரி). அந்த இளைஞரை இன்றளவும் உலகம் நினைவுகூர்வது அவர் ஒரு காலத்தில் உடுத்திய பட்டாடைகளுக்காகவா?

பெற்றோருக்கும் முதலாளிகளுக்கும்

பெற்றோர்களே! மகள் வேலைக்குப் புறப்படும்போது முக்காட்டைச் சரி செய்யச் சொல்லும் நாம், மகன் புறப்படும்போது அவன் உடையையும் பார்வையையும் குறித்து ஏதேனும் சொல்கிறோமா? பார்வையைத் தாழ்த்துமாறு இறைவன் முதலில் கட்டளையிட்டது ஆண்களுக்கே (அல்குர்ஆன் 24:30). மேலும், காரணம் விளங்காமல் அச்சத்தால் மட்டும் அணியும் பிள்ளை, அச்சம் நீங்கும் இடத்தில் கழற்றிவிடும். கடை வாசலில் நடப்பது அதுதான். கண்டிப்பதற்கு முன் விளக்குங்கள். வேலையில் ஓர் இக்கட்டு வந்தால் வீட்டில் வந்து சொல்லலாம் என்ற துணிவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நம் சமுதாயத்தில் கடைகளும் நிறுவனங்களும் நடத்தும் சகோதரர்களே! நம் பிள்ளைகளுக்குப் பிறர் செய்ய வேண்டுமென நாம் எதிர்பார்ப்பதை, நம்மிடம் வேலை செய்யும் பிறர் பிள்ளைகளுக்கு நாம் செய்கிறோமா? நெற்றியில் திருநீறோ பொட்டோ அணிந்த பிள்ளையை, மாலை அணிந்து விரதமிருக்கும் பிள்ளையை, கழுத்தில் சிலுவை அணிந்த பிள்ளையை நம் கடையின் தோற்ற விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினால், துல்சாவின் மேலாளருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதளவில் நபியவர்களின் பணிக்கு வந்து, பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். இளமைப் பருவம் முழுவதும் ஓரிடத்தில் வேலை பார்த்த அவர்கள், அந்தப் பத்தாண்டுகளில் சலிப்பான ஒரு சொல்லையும் தம் தலைவரிடமிருந்து கேட்டதில்லை என்று நன்றியுடன் நினைவுகூர்ந்தார்கள் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). நம் கடையில் பணியாற்றிச் செல்லும் பிள்ளை, நாளை நம்மை எவ்வாறு நினைவுகூரும் என்று எண்ணிப் பார்ப்போமாக!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உழைப்பையும், கடமையில் உறுதியையும், பிறவற்றில் இணக்கத்தையும் தந்தருள்வானாக! நம் பொறுப்பில் உள்ளோரிடம் நீதியுடனும் கனிவுடனும் நடக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் வழங்குவானாக! இறையச்சம் எனும் மேலான ஆடையை நமக்கு அணிவிப்பானாக! ஆமீன்.